டிரே மூன்றடி, எண்ணிக்கை ஒன்று

திருச்சுழி தாண்டி வீரசோழன் போகிற வழியில் ஒரு கரிசல் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் சின்னத்துரை என்பவர் தன் பெண்டாட்டியின் வலது கையைத் தானே வாங்கிவிட்டார் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கதிரடிக்கிற மிஷினின் டிரேயை வேலை சுருக்காக முடியட்டும் என்று வெட்டிக் குட்டையாக்கி, அதில் பெண்டாட்டியை நிறுத்தினாராம். அவர் வெட்டவில்லை. வெட்டாதவரை வெட்டினார் என்று சொன்ன காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தவள் நான். என் பெயர் சௌடம்மாள். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்த லட்சணம் என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம். அருப்புக்கோட்டையை ஒட்டின பாளையம்பட்டிப் பக்கம் சண்முகவேல் முதலாளியின் தகரக் கொட்டகையில் சோளம், கம்பு அடிக்கிற மிஷின் செய்தார்கள். மாசத்துக்கு நாலு மிஷின், மிஞ்சிப் போனால் ஆறு. மெட்ராஸில் ஒரு பெரிய டிராக்டர் கம்பெனி, எங்கள் மிஷினைத் தன் பெயர் போட்டு விற்கத் தயார் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. மிஷினில் என்னென்ன உருப்படி, எதற்குள் எது, எத்தனை என்று எல்லாம் அவர்கள் சொல்லுகிற கம்ப்யூட்டர் புரோகிராமில் ஏற்றி வைக்க வேண்டும். முதலாளிக்குக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் தொடுவது என்றே தெரியாது. மதுரையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் தெருவில் வீட்டுக்குள்ளே கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். இரண்டிலும் அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே பேச்சுத்தான். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல உத்தியோகம்." சௌடையா மகள் என்று இருந்தவள் ஒரே வாரத்தில் கம்ப்யூட்டர்க்காரப் பிள்ளை ஆகிவிட்டேன். தலைக்கனம் வந்ததா என்றால், வராமல் எங்கே போகும்? கொட்டகை முழுக்க வெக்கையில் வேகும்போது என் அறையில் மட்டும் ஃபேன் சுற்றியது. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். கம்ப்யூட்டர் தலையில் வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைத்தார் முதலாளி.

புரோகிராமைச் சொல்லிக் கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாள் இருந்தார். அவர் பாஷையில் ஒவ்வொரு மிஷினும் ஒரு குடும்பம். மிஷின்தான் தாய். இரும்புச் சட்டம், டிரம், டிரே எல்லாம் பிள்ளைகள். டிரம்முக்குள் இருக்கிற முள்ளும் போல்ட்டும் பேரப்பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பர் இல்லாத உருப்படியைப் புரோகிராம் உள்ளேயே விடாது.

இந்தக் குடும்பத்தை ஒரே மாதிரி எழுதி வைத்தால் போதாது என்றார் அவர். முதல் வகை, வரைபடம் போட்டவர் மனதில் மிஷின் எப்படி இருக்கிறதோ அது. இரண்டாவது, பட்டறையில் பூட்டுகிற வரிசைப்படி இருக்கிறது. படத்தில் டிரம்முக்குப் பிள்ளையாக இருக்கும் பேரிங், இதில் சட்டத்துக்குப் பிள்ளையாகிவிடும், ஏனென்றால் முதலில் சட்டத்தில்தானே மாட்டுகிறார்கள். படத்தில் இல்லாத பெயிண்டும் கிரீஸும் இதில் வரும். மூன்றாவது வகை, மிஷின் நம்பர் வாரியாக. ஒவ்வொரு மிஷினும் நிஜத்தில் எப்படி வாசலைத் தாண்டிப் போனதோ, அப்படியே எழுதுவது. "மத்த ரெண்டும் நம்ம ஆசை. மூணாவதுதான் மிஷின். அதுல மட்டும் அசந்துடாதீங்க மேடம்" என்றார். அவர் சொன்ன புத்திமதி எனக்கு மண்டையில் ஏறவில்லை. மேடம் என்றது மட்டும் ஏறிக்கொண்டது.

பட்டறை ஃபோர்மேன் அருஞ்சுனை இதைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா மெட்ராஸுலருந்து ஆளு வரணும்? நான் தெனம் சொல்றதத்தான அவரும் சொல்றாரு" என்றார். அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மிஷின் முடிந்து லாரி ஏறுவதற்கு முன்னால் பெல்ட் ஓடுகிற கப்பிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அருஞ்சுனை மிஷினைச் சுற்றி வருவார். கீழே சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு உருப்படியையும் கையால் தொட்டு, சத்தமாகப் பேர் சொல்லுவார். அவர் தொடாத உருப்படியோடு ஒரு மிஷினும் வெளியே போனதில்லை. நான் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிக்க வேண்டும், பிறகு போய் மூன்றாவது வகையில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த காகிதத்தைப் பாளையம்பட்டிப் பெட்டிக்கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவேன். கம்ப்யூட்டரிலேயே ஏறிவிட்டது, காகிதம் எதற்கு? அவர்கள் அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

டிரே என்பது கதிரை வைத்து மிஷினுக்குள் தள்ளிவிடுகிற நீளத் தகரம். படத்தில் அதன் நீளம் மூன்றடி, பாதிக்கு மேல் மூடாக்கு. மூன்றடி ஏன் என்றால், எப்பேர்ப்பட்ட நெட்டை ஆள் குனிந்து தள்ளினாலும் கை டிரம்முக்கு எட்டக் கூடாது. உள்ளே கதிரை அடிக்கிற டிரம் நிமிஷத்துக்கு எழுநூறு சுற்று சுற்றுகிறது, அதில் முழுக்க இரும்பு முள்.

அந்த வருஷம் மார்கழியில் திருச்சுழிப் பக்கத்துக்கு ஆறு மிஷின் போக வேண்டியிருந்தது. அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தாறு வரைக்கும் நம்பர். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு முதலாளி சத்தம் போட்டார்.

"ஏம்ப்பா அருஞ்சுன, ஒரு லோடுக்கு ரெண்டுதான் ஏறுது. இந்த டிரே நீட்டிக்கிட்டு நிக்கி. மூணு ஏத்தணும்."

"டிரேயக் கழட்டி ஏத்துவோம் மொதலாளி. அங்க போய் வெல்டிங் வச்சுப் பத்தவச்சுக்கிடலாம்."

"அங்க யாரு பத்தவைக்கிறது? ஊரு ஊரா ஒன்னய அனுப்பிட்டு இங்க வேலைய யாரு பாக்குறது? வெட்டு. ஒண்ணரை அடியில நிறுத்து. முழு டிரேயப் பெறகு அனுப்பிக்கிடலாம்."

"ஒண்ணரைன்னா கை டிரம்முக்குப் போயிரும் மொதலாளி."

"போற வரைக்கும் கைய உள்ள விடுவானா? அவனுக்குக் கண்ணு இல்லையா? பேசாம வெட்டுய்யா."

அருஞ்சுனை பல்லைக் கடித்துக்கொண்டு கேஸ் கட்டர் வைத்து ஆறையும் வெட்டினார். வெட்டின ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க அரத்தால் தேய்த்து, அதன் மேல் பச்சைப் பெயிண்டும் பூசினார். பிறகு வழக்கம் போல எலுமிச்சம்பழம் வைத்துச் சுற்றி வந்தார். டிரேயைத் தொட்டதும் என் பக்கம் திரும்பினார். "டிரே. ஒண்ணரை அடி. நம்ம வெட்டுனது. ஆறுக்கும் இதான். எழுதிக்கோ தாயி" என்றார். நான் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

எழுதினதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால் அது ஏற்க மாட்டேன் என்றது. ஒன்றரை அடி டிரேக்கு நம்பர் இல்லை. முதலாளியிடம் போய்ப் புது நம்பர் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? முழு டிரேதான் பின்னாடி போகப் போவுதே. நம்பர் போட்டா மெட்ராஸுக்காரன் இது என்ன குட்டை டிரேம்பான். விடும்மா" என்றார். அந்த இடத்தை வெறுமனே விட்டால் மிஷின் கணக்கு மூடாது, திரையில் சிவப்பாகவே நிற்கும். திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து பார்க்க வருகிறார்கள். சிவப்பாக ஆறு நின்றால் என் மானம் என்ன ஆவது? அறுபதாம் நம்பர் மிஷினின் பட்டியலைப் பிரதி எடுத்து, அறுபத்தொன்று முதல் அறுபத்தாறு வரைக்கும் ஒட்டிவிட்டேன். பத்தே நிமிஷம். ஆறும் பச்சையாயிற்று. திங்கட்கிழமை வந்தவர்கள் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் சப்ளையரை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். முதலாளி எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். பென்சிலால் எழுதின காகிதம் பெட்டிக்கடைக்குப் போயிற்று. முழு டிரே பின்னாடி போகவே இல்லை.

மாசி மாசம் அறுபத்துநாலாம் நம்பர் மிஷினில் வெள்ளைத்தாய் என்ற பெண்ணின் வலது கை முழங்கை வரைக்கும் போயிற்று. மிஷினை வாங்கியவர் அவள் புருஷன் சின்னத்துரை. களத்தில் அவர் கதிரை எடுத்துக் கொடுக்க, அவள் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள். மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உயிர் தங்கியது.

விசாரிக்க ஒரு அதிகாரி எங்கள் கம்பெனிக்கு வந்தார். களத்தில் மிஷினைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். டிரே ஒன்றரை அடிதான் இருக்கிறது, படத்தில் மூன்றடி இருக்கிறதே, எப்படி என்று கேட்டார். முதலாளி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சார், எங்ககிட்ட ஒவ்வொரு மிஷினும் எப்படிப் போச்சுன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. சௌடா, அறுபத்திநாலு பிரிண்ட் எடும்மா."

நான் எடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று அடித்துக்கொண்டே வந்தது. நாலாவது வரியில் டிரே, மூன்றடி, எண்ணிக்கை ஒன்று என்று வரும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பிரதி எடுத்து ஒட்டின ஆறில் ஒன்று. வாசலில் அருஞ்சுனை நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் போகும்போது இருந்தபடிதான இது?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்" என்றேன்.

அருஞ்சுனை உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஐயா, இல்லைங்கய்யா. நாந்தான் வெட்டுனேன். இவுக சொல்லி, என் கையால வெட்டுனேன். இந்தப் பிள்ளைட்டயும் சொன்னேன்" என்றார்.

முதலாளி சிரித்தார். "சம்பளம் கூடக் கேட்டான், இல்லன்னுட்டேன் சார். அந்தக் காந்தலு" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் பிரிண்டரை நிறுத்துகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நின்ற மனுஷனைப் பார்த்தார், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கே அருஞ்சுனைக்குச் சீட்டைக் கிழித்தார்கள்.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் கம்ப்யூட்டர் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஒரு கை போயிருக்கிறது, நான் பச்சை விளக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சீ, என்ன ஜென்மம்! அன்றைக்கு வீட்டில் அம்மா சோறு போட்டாள். பிசையக் கை வைத்த நான், என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு என்ன என்று அம்மா கன்னடத்தில் இரண்டு தரம் கேட்டாள். ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று மாசம் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். வைகாசியில் ஒருநாள் பாளையம்பட்டி ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிரே வெல்டிங் கடையில் அருஞ்சுனை கேட் ஒன்றைப் பத்தவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் சின்னத்துரை ஊர விட்டே போயிட்டாராம் தாயி" என்றார். "அதிகாரி கொண்டுபோன ஒன் காகிதத்த ஊர்ல வாசிச்சு, அவர்தான் வெட்டுனாருன்னுட்டாக. பொண்டாட்டியே அவர் மூஞ்சில முழிக்கலையாம். நானும் போயிச் சொன்னேன், நாந்தான் வெட்டுனேன்னு. கம்பெனில வெரட்டிவிட்ட காந்தல்ல பேசுறேன்னுட்டாக. நீ அன்னைக்கி ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தா, கையி போனதோட போயிருக்கும்."

பஸ் வந்தது, நான் ஏறவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் திருச்சுழி பஸ் ஏறினேன். திருச்சுழியில் மாறி இறங்கி, இரண்டு பக்கமும் வேலிக்கருவேல் மண்டின பாதையில் நடந்தேன். மழையைப் பார்த்துப் பல மாசம் ஆன கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே களம். களத்தில் சாக்குப் போட்டு மூடி, கயிறு கட்டி, அரக்குச் சீல் வைத்து அறுபத்துநாலாம் நம்பர் நின்றது.

சாக்கைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். வெட்டின ஓரம் கேஸில் உருகி ஓடினது தெரிந்தது. அரத்தால் தேய்த்த தடமும் இருந்தது. அதன் மேல் எங்கள் பட்டறைப் பச்சை. ஹாக்ஸா ரம்பம் வைத்து வெட்டினால் இப்படி உருகுமா? களத்துக் காட்டில் கேஸ் சிலிண்டருக்கு எங்கே போவார் சின்னத்துரை? குனிந்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். காகிதம் இருக்கிறதே என்று யாரும் குனியவில்லை.

வெள்ளைத்தாய் வீட்டு வாசலில் இடது கையால் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். வலது பக்கம் ரவிக்கைக் கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

"யாரு தாயி?"

"அருப்புக்கோட்டைலருந்து வாரேன். மிஷின் கம்பெனி."

"கம்பெனியா? இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு? இன்னொரு கையி இருக்கு, அதையும் கொண்டுட்டுப் போறியா?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒங்க வீட்டுக்காரர் வெட்டவில்லை, கம்பெனியில் வெட்டித்தான் அனுப்பினார்கள், எனக்குத் தெரியும், காகிதத்தில் பொய்யைப் போட்டவள் நான்தான் என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. புளியங்கொட்டையைத் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவுகளும் இதத்தான் சொன்னாக" என்றாள் கடைசியில். "கொலசாமி மேல அடிச்சுச் சொன்னாக, வாங்குறப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு. நான் நம்பல. ஏன் நம்பலன்னு கேளு. கையில ஒரு ரம்பம் கெடைச்சா அவுகளுக்கு எதையாச்சும் வெட்டணும். கட்டிலு ஒசரமா இருக்குன்னு கால வெட்டுனாக. வண்டியில மாடு பூட்டுற மோக்கால வெட்டுனாக. இதான் கைக்கு வாட்டமா இருக்குத்தா, வாட்டமா இருக்குத்தாம்பாக. அதான் பள்ளிக்கூடத்து வாத்தியாரு காகிதத்த வாசிச்ச ஒடனே, ஆமா, இவுக செஞ்சிருப்பாகன்னு எனக்குப் பட்டுப்போச்சு."

"ஒங்க மேல தப்பு இல்லக்கா."

"சும்மா இரு. ரெண்டு மாசம் அந்த மனுசன் எனக்குத் தலை சீவி விட்டாக, சோறு ஊட்டி விட்டாக. நான் மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசல. ஒருநா ஊட்டுற கையத் தட்டிவிட்டு, என் கையத் தின்ன கையாலயா எனக்கு ஊட்டுறீகன்னு கேட்டுட்டேன். மறுநா காலைல மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனாக. மம்பட்டி வரப்புல கெடந்துச்சு. ஆளக் காணோம். திருப்பூருங்காக, கேரளாங்காக. யாருக்குத் தெரியும்?"

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைச் சரியாகப் பார்த்தாள்.

"நீ வாயால சொல்ற. அவுகளும் வாயாலதான் சொன்னாக. அருஞ்சுனைன்னு ஒரு ஆளு வந்து, அவரும் வாயால சொன்னாரு. காகிதம் கொண்டா தாயி. அதே கம்ப்யூட்டர்ல அடிச்ச காகிதம். அத வாத்தியாரு ஊரக் கூட்டி வாசிக்கணும்."

மறுநாள் காலையில் முதலாளி வருவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மூடின கணக்கை அழிக்க முடியாது. அதற்கு மேல் இன்னொரு திருத்தம் போடலாம், அவ்வளவுதான். அதற்கும் முதலாளியின் ரகசியச் சொல் வேண்டும். அவருக்கு அதை வைத்துக் கொடுத்ததே நான்தான், அவர் மகள் பிருந்தா பெயர். ஒன்றரை அடி டிரேக்குப் புது நம்பர் போட்டேன். அறுபத்தொன்று முதல் அறுபத்தாறு வரைக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய டிரேயை எடுத்துவிட்டுப் புது நம்பரை வைத்தேன். இந்தத் தடவை பிரதி எடுக்கவில்லை, ஆறையும் தனித்தனியாகத் தட்டினேன். திருத்தம் எதற்கு என்று கேட்டது. கம்பெனியில் வெட்டியது, முன்பு பதிந்தது பொய், பதிந்தவள் சௌடம்மாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மார்கழியிலேயே செய்திருக்க வேண்டிய அரை மணி நேரம்.

அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். படித்துப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, "ஒனக்கு என்ன கொற வச்சேன் சௌடா?" என்றார். மற்ற ஐந்து ஊருக்கும் ஆளை விட்டு டிரேயை மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். அச்சடித்த இரண்டு பிரதியையும் எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அறைக்கு அப்புறம் நான் போகவில்லை. வீட்டில் அப்பா இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை.

அதிகாரி ஆபீசுக்கும் போனேன். அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே கம்ப்யூட்டர் ரெண்டு மாதிரி சொன்னா நான் எதம்மா நம்புறது? அதுவும் வேலைய விட்டுட்டு வந்து குடுக்கறீங்க" என்றார். மனு எழுதிக் கொடுங்கள், ஃபைலோடு சேர்த்துவைக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். சேர்த்துத்தான் வைத்தார், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளைத்தாயிடம் போனபோது அவள் பள்ளிக்கூட வாசலில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தாள். முதல் காகிதத்தை வாசித்த அன்றைக்கு ஊரே கூடியதாம். இன்றைக்கு ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்றவர்கள். வாத்தியார் ஆங்கிலத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். டிரே ஒன்றரை அடி, எண்ணிக்கை ஒன்று, கம்பெனியில் வெட்டியது. ஒரு பெரியவர், "அப்ப மொதக் காகிதம்?" என்று கேட்டார். அதுவும் இருக்கும், அழியாது என்றேன். "அப்படின்னா ரெண்டும்தான் உண்மை போல" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

வெள்ளைத்தாய் போகவில்லை. வாத்தியாரிடமிருந்து காகிதத்தை வாங்கி, எந்த வரியில் டிரே என்று போட்டிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன். இடது கைப் பெருவிரலை அந்த வரியின் மேல் வைத்து அழுத்தினாள். மடிக்கப் பார்த்தாள், காகிதம் நழுவி நழுவிப் போயிற்று.

"மடிச்சுக் குடு தாயி. ஒத்தக் கையால முடியல."

நாலாக மடித்துக் கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ் வருகிற பாதை வரைக்கும் என் கூடவே வந்தாள். தூரத்தில் பஸ்ஸின் தூசி தெரிந்தபோது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது ஒண்ணு எனக்கு. இதே மாதிரி ஒண்ணு அவுகளுக்கு அனுப்பணும். பாத்தா வந்துருவாக." அவள் குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உடைந்தது. "அவுக எந்த ஊர்ல இருக்காகன்னு, ஒன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்றியா தாயி?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்து, ஏறும்மா என்று சத்தம் போட்டார். அவள் என் கையை விடாமல், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.